தொண்ணூற்றிரண்டில்தான் பாதி வழி

ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் மரம் வெட்டுவது ஒரு திறன். அதன் லெவல் ஒன்றில் தொடங்கி 99 வரை போகும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற 83 அனுபவப் புள்ளி போதும். சாதாரண மரத்தில் நான்கு கட்டை வெட்டினால் கேரக்டரின் தலைக்கு மேல் வாணவேடிக்கை வெடித்து, வாழ்த்துச் செய்தியும் வந்துவிடும். அதே கேரக்டர் 99ஐத் தொட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். ஏறத்தாழ ஏழு லெவலுக்கு ஒருமுறை தேவை இரட்டிப்பாகும்படி அதன் சூத்திரம் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் 92ஆம் லெவலில் இருப்பவரிடம் 65,17,253 புள்ளிகள்தான் இருக்கும். அவர் பாதி வழியில் நிற்கிறார். கடைசி ஒரு படிக்கு, அதாவது 98இலிருந்து 99க்கு ஏற மட்டும், 12,28,825 புள்ளிகள் தேவை. தொடக்கத்திலிருந்து 75ஆம் லெவல் வரை ஏறுவதற்கு மொத்தமாகத் தேவைப்பட்டதைவிட இது அதிகம்.

அந்த உலகில் டிரெய்னர் என்றொரு கிராமம் உண்டு. வங்கிக்குப் பக்கத்திலேயே தண்ணீரோரமாக வில்லோ மரங்கள் நிற்கும். 30ஆம் லெவலுக்கு மேல் அந்த மரத்தை வெட்டலாம். ஒரு கட்டைக்கு 67.5 புள்ளி. அதை மட்டுமே வெட்டி 99ஐ எட்ட நினைப்பவர் ஏறக்குறைய 1,93,000 கட்டைகள் வெட்ட வேண்டும். கேரக்டரின் பையில் 28 பொருள்தான் கொள்ளும். பை நிறைந்ததும் வங்கிக்கு நடந்து, இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 6,900 நடை. இதற்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகும். அப்படியும் அந்த மரத்தடியில் எந்நேரமும் ஆள் இருந்தது. ஒரே மரத்தைச் சுற்றி ஐந்தாறு பேர் கோடரி வீசிக்கொண்டே பள்ளிக்கூடம், கால்பந்து, காதல் எல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள். 99 எட்டியவர் 99,000 நாணயம் கொடுத்து அந்தத் திறனுக்குரிய மேலங்கியை வாங்கி மாட்டிக்கொண்டு அதே இடத்துக்கு வந்து நிற்பார்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நம் ஊரில் ‘ஆன்லைன் விளையாட்டு’ என்ற பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் ரம்மியைப் பற்றியோ, துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் பற்றியோதான் இருக்கும். மாய உலகில் ஒரு கேரக்டரை உருவாக்கி, மாதக்கணக்காக, சிலர் ஆண்டுக்கணக்காக, அதை லெவல் லெவலாக உயர்த்தும் இந்த வகையைப் பற்றித் தமிழில் அக்கறையோடு எழுதப்பட்டது குறைவு. கோடிக்கணக்கானோர் தங்கள் வாழ்நாளின் கணிசமான பகுதியைச் செலவிட்ட ஒரு செயல் இது. பொருளியலாளர், உளவியலாளர், சமூகவியலாளர் பலர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் எனக்குப் படுவது ஒன்று: லெவல் என்பது ஒரு வாக்குறுதி. நீ யாராக இருந்தாலும் சரி, இந்த ஏணி எல்லோருக்கும் ஒன்றே, உழைத்தால் ஏறலாம் என்கிற வாக்குறுதி. ஐம்பது ஆண்டுகளாக நடப்பது, அந்த வாக்குறுதியைக் காப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் இடையிலான இழுபறி.

லெவல் என்ற ஏற்பாடு கணினியில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் என்பவர் பொம்மைப் படைவீரர்களை வைத்து மேசைமேல் போர் நடத்தும் விளையாட்டுகளுக்கு விதி எழுதிவந்தார். 1971இல் ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ‘செயின்மெயில்’ விதிநூலில் ஒரு நாயகன் நான்கு வீரர்களுக்குச் சமம்; மகாநாயகன் எட்டுப் பேருக்குச் சமம். மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் தன் நண்பர்களோடு ஆடிய ஆட்டத்தில், படைக்குப் பதிலாக ஆளுக்கொரு கேரக்டர், அந்தக் கேரக்டர் ஓர் ஆட்டத்திலிருந்து அடுத்த ஆட்டத்துக்கு வளர்ந்துகொண்டே போகும் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தார். இருவரும் சேர்ந்து 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நூலில் இந்த இரண்டும் கலந்தன. போர்வீரன் முதல் படியில் தொடங்குவான். 2,000 அனுபவப் புள்ளியில் இரண்டாம் படி, 4,000இல் மூன்றாவது, 8,000இல் நான்காவது. நான்காம் படிக்குப் பெயர் ‘நாயகன்’, எட்டாம் படிக்கு ‘மகாநாயகன்’. நான்கு பேருக்குச் சமமானவன் நான்காம் படியில் வந்து நிற்கிறான். அரக்கனைக் கொன்றால் புள்ளி கிடைக்கும்; ஆனால் அதைவிட அதிகமாகக் கிடைத்தது, பாதாளத்திலிருந்து உயிரோடு தூக்கி வரும் பொன்னுக்குத்தான். ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. இன்றைய இணைய விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு இந்தச் சிறு புத்தகங்களில் இருக்கிறது.

அந்த எலும்புக்கூட்டுக்கு ஒரு நோக்கம் தந்தவர்கள் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர். 1978இல் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’ என்ற விளையாட்டில் படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஒரே கணினியோடு இணைந்த பலர் ஒரே கற்பனை நிலத்தில் நடமாடலாம். புதையலைக் கண்டெடுத்துச் சதுப்பு நிலத்தில் எறிந்தால் புள்ளி கிடைக்கும். புள்ளி சேரச் சேரப் பட்டம் மாறும். கடைசிப் பட்டம் மந்திரவாதி. அதை எட்டியவர் அந்த உலகையே ஆட்டிவைக்கும் அதிகாரம் பெறுவார். பார்ட்டில் யார்க்‌ஷயரில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர். எந்தப் பள்ளியில் படித்தாய், எந்த உச்சரிப்பில் பேசுகிறாய் என்பதை வைத்து மனிதரை எடைபோடும் இங்கிலாந்தின் வர்க்க அடுக்குமீது அவருக்கும் ட்ரப்ஷாவுக்கும் கடும் வெறுப்பு. தாங்கள் லெவலை வைத்ததே அதற்கு எதிரான அரசியல் கூற்றாகத்தான் என்று பார்ட்டில் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். பிறப்பைக் கொண்டு ஒருவரை வரையறுக்காத ஓர் உலகில், செய்தது மட்டுமே ஒருவரின் தகுதியைச் சொல்ல வேண்டும் என்பது அவர்களது எண்ணம். லெவல் என்ற எண்ணுக்குப் பின்னால் இப்படியொரு கோபம் இருந்தது என்பது இந்த வரலாற்றிலேயே என்னை மிகவும் கவர்ந்த செய்தி. இன்று தொலைபேசியில் லெவல் ஏற்றும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

1999 மார்ச்சில் வெளிவந்த ‘எவர்க்வெஸ்ட்’ இந்த ஏணியை முப்பரிமாண உலகில் நட்டது. மாதச் சந்தா கட்டி ஆட வேண்டும். தொடக்கத்தில் உச்சம் 50. ஏறுவது சாதாரண வேலையல்ல. செத்தால் சேர்த்த புள்ளிகள் பறிபோகும். சில நேரம் ஒரு லெவலே இறங்கிவிடும். கவசம், வாள் எல்லாம் செத்த இடத்தில் பிணத்தோடு கிடக்கும். வெறுங்கையோடு உயிர்த்தெழுந்து, அதே ஆபத்தான இடத்துக்கு ஓடி அவற்றை மீட்க வேண்டும். 30, 35, 40 என்று சில லெவல்களில் தேவை திடீரென எகிறும். ஆட்டக்காரர்கள் அவற்றுக்கு ‘நரக லெவல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மந்திரம் வீசும் கேரக்டருக்குச் சக்தி தீர்ந்தால் தரையில் உட்கார்ந்து தியானம் செய்ய வேண்டும். 35ஆம் லெவலுக்குக் கீழே உள்ளவர் உட்கார்ந்த உடனே மந்திரப் புத்தகம் விரிந்து திரையில் பெரும்பகுதியை மறைத்துவிடும். சுற்றிலும் என்ன வருகிறது என்பதே தெரியாது. கூட இருப்பவர்களை நம்பித்தான் கண்ணை மூட வேண்டும். அந்த நிமிடங்களில் செய்வதற்கு இருந்தது ஒன்றே: பேச்சு. தனியாக ஏற முடியாதபடி, அடிக்கடி காத்திருக்கும்படி விளையாட்டை வடிவமைத்ததால் அந்நியர்கள் நண்பர்களானார்கள். லெவல் ஏறும்போது ‘டிங்’ என்று ஒலி எழும். ஏறியவர் உரையாடல் பெட்டியில் “டிங்!” என்று தட்டுவார், நாலாபக்கமிருந்தும் “கிராட்ஸ்!” என்று வாழ்த்து குவியும். அந்த ஒலியே இல்லாத வேறு விளையாட்டுகளிலும் இன்றுவரை ‘டிங்’ என்றுதான் சொல்கிறார்கள்.

டி. எல். டெய்லர் என்ற சமூகவியலாளர் இந்த உலகுக்குள் நெடுநாள் இருந்து ஆராய்ந்து 2006இல் ஒரு நூல் எழுதினார். வெளியிலிருந்து பார்ப்பவர் ‘இது விளையாட்டா, வேலையா’ என்று திகைக்கும் அளவுக்குத் திட்டமிட்டு, பட்டியல் போட்டு ஆடுபவர்களும் அதை இன்பமாகவே உணர்கிறார்கள் என்பதை அதில் பதிவுசெய்தார். நிக் யீ என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களிடம் நடத்திய கருத்தெடுப்புகளில் சராசரி ஆட்டக்காரர் வாரத்துக்கு ஏறத்தாழ 22 மணி நேரம் ஆடுவதாகத் தெரிந்தது. சராசரி வயது இருபத்தாறு சொச்சம். பள்ளிப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் அப்போதே தவறாகிவிட்டது.

அந்த நேரத்துக்குச் சந்தையில் என்ன விலை என்பதை முதலில் கணக்கிட்டவர் எட்வர்ட் காஸ்ட்ரனோவா. கலிஃபோர்னியாவில் அதிகம் அறியப்படாத பொருளியல் பேராசிரியராக இருந்த அவர், எவர்க்வெஸ்ட் நடக்கும் நாராத் என்ற கற்பனை உலகின் பொருளாதாரத்தை 2001இல் ஆராய்ந்தார். ஆட்டக்காரர்கள் தங்கள் கேரக்டர்களை இணைய ஏலத்தில் அசல் டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த விலைகளைக் கேரக்டரின் லெவலோடு ஒப்பிட்டார். ஒரு லெவலின் மதிப்பு ஏறக்குறைய 13 டாலர் என்று வந்தது. அதைக் கொண்டு, அந்த உலகில் ஒருவர் ஒரு மணி நேரம் ஆடினால் ஏறக்குறைய 3.42 டாலர் மதிப்புள்ள செல்வத்தை உருவாக்குகிறார் என்று கணித்தார். தலைவீத உற்பத்தியில் நாராத் ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் வந்தது. படித்தவர்கள் வியந்தார்கள். எனக்கு அந்தக் கட்டுரையின் கனம் அந்த வியப்பில் இல்லை. உழைத்து மட்டுமே பெற முடியும் என்றிருந்த ஒன்றுக்கு விலைச்சீட்டு ஒட்டப்பட்டுவிட்டதை அது ஆவணப்படுத்தியது.

ஏன் இவ்வளவு பாடுபட்டு ஏறுகிறார்கள் என்பதற்கு உளவியலில் பல பதில்கள் உண்டு. அவற்றில் நம்பகமானது, இலக்கு நெருங்க நெருங்க முயற்சி வேகமெடுக்கும் என்பது. கிளார்க் ஹல் 1930களில் எலிகளிடம் கண்டதைப் பின்னாளில் மனிதரிடமும் சோதித்தார்கள். நூன்ஸ், ட்ரேஸ் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கார் கழுவும் நிலையத்தில் நடந்தது. ஒரு சாராருக்கு எட்டு முத்திரை சேர்த்தால் ஒரு முறை இலவசம் என்று அட்டை; மறு சாராருக்குப் பத்து முத்திரை அட்டை, ஆனால் இரண்டு முத்திரை முன்கூட்டியே குத்தப்பட்டிருக்கும். இரு சாராரும் கழுவ வேண்டியது எட்டு முறைதான். முதல் சாராரில் 19 சதவீதம் பேர் அட்டையை நிறைவுசெய்தார்கள். இரண்டாம் சாராரில் 34 சதவீதம். ஏற்கெனவே கொஞ்சம் ஏறிவிட்டோம் என்ற உணர்வே ஆளை இழுத்துச் செல்கிறது. நான்கு கட்டை வெட்டினால் வாணவேடிக்கை என்ற தொடக்கம் தற்செயலல்ல. திரையின் அடியில் நிரம்பிக்கொண்டே வரும் அந்தப் பட்டை, முத்திரை குத்திய அட்டையேதான்.

இந்தக் கலையில் தேர்ந்தது ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. 2004 நவம்பரில் வந்தது, உச்சம் 60. அதன் கணக்கு மிக எளிது. தன் லெவலுக்குச் சமமான அரக்கனைக் கொன்றால், லெவலை ஐந்தால் பெருக்கி 45 கூட்டிய அளவு புள்ளி. முதல் லெவலில் ஓர் அரக்கனுக்கு 50 புள்ளி. அடுத்த லெவலுக்கு 400 தேவை. எட்டு அரக்கர் போதும். 59ஆம் லெவலில் ஓர் அரக்கனுக்கு 340, தேவை 2,09,800. அரக்கரை மட்டுமே நம்பினால் 618 பேரைக் கொல்ல வேண்டும். இடையில் கதைப் பணிகள் வரும். அவற்றில் கிடைக்கும் புள்ளி சுமையைக் குறைக்கும். தன்னைவிட மிகவும் கீழான அரக்கனின் பெயர் சாம்பல் நிறத்தில் தெரியும். அவனைக் கொன்றால் எதுவும் கிடைக்காது. எளியவனை அடித்துப் பெயர் வாங்க முடியாது என்ற இந்த விதி எனக்குப் பிடிக்கும்.

வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காலத்தில் நடந்த ஒன்றை அதன் வடிவமைப்பாளர் ராப் பார்டோ பிறகு விவரித்திருக்கிறார். ஒரே மூச்சில் நெடுநேரம் ஆடுவதைத் தடுக்க நினைத்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு கிடைக்கும் புள்ளி பாதியாகும் என்று விதி வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். கணக்கின் உள்ளடக்கத்தை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றினார்கள். பாதியாகக் கிடைத்ததே இனி ‘இயல்பு’. முன்பு இயல்பாக இருந்தது இனி ‘ஓய்வெடுத்தவருக்கான இரட்டைப் புள்ளி’. கேரக்டரைச் சத்திரத்தில் விட்டுவிட்டு வெளியேறினால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு லெவலில் ஐந்து சதவீதம் என்ற கணக்கில் ஓய்வு சேரும். காட்டில் விட்டுவிட்டுப் போனால் அதில் கால் பங்குதான். அதிகபட்சம் ஒன்றரை லெவல் அளவு சேரலாம். அதே எண்கள்தான்; தண்டனையாகத் தெரிந்தது பரிசாகத் தெரிந்தது, எதிர்ப்பு அடங்கியது.

சீன அரசு இதே வழியைச் சட்டமாக்கப் பார்த்தது. 2005இல் அறிவித்து 2007இல் சிறார்களுக்கு நடைமுறைப்படுத்திய ஏற்பாட்டின்படி, மூன்று மணி நேரம்வரை முழுப் புள்ளி, மூன்றிலிருந்து ஐந்து மணி வரை பாதி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. லெவல் ஏறாது என்றால் ஆட மாட்டார்கள் என்பது கணக்கு. அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை போலும். 2021 ஆகஸ்ட்டில் அந்த அரசு, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே ஆடலாம் என்று நேரத்தையே பூட்டிவிட்டது.

ஏணியை வடிவமைப்பவர் கையில் எல்லாம் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 2012இல் வார்கிராஃப்டில் பாண்டாக் கரடி இனம் ஒன்று சேர்ந்தது. அந்தக் கேரக்டர்கள் ஒரு தீவில் தொடங்கி, பத்தாம் லெவலை ஒட்டி, மோதிக்கொண்டிருக்கும் இரு தரப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தீவை விட்டுப் போக வேண்டும். ஓர் ஆட்டக்காரர் எந்தத் தரப்பையும் தேர்ந்தெடுக்க மறுத்துவிட்டார். தீவிலேயே இருந்தார். செடி பறித்தாலும் தாது வெட்டினாலும் கொஞ்சம் புள்ளி உண்டு. செடி பறித்துப் பறித்தே 90ஐ எட்டினார். விளையாட்டின் உச்சவரம்பு உயர்ந்தபோது 100, பிறகு 110 என்று அவரும் உயர்ந்தார். போரில் பக்கம் சேராமலும் உச்சிக்குப் போகலாம் என்று நிறுவனம் யோசித்திராத ஒரு வழியை அவர் காட்டினார். கிராமத்து மரத்தடியில் கோடரி வீசியவர்களின் பொறுமையும் இத்தகையதே. தனக்கென்று தேர்ந்துகொண்ட நீண்ட வேலையை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் செய்து முடிக்கும் நிறைவை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் நிறைவைத் தராத உழைப்பும் அங்கே உண்டு. 2005இல் ‘கிளைடர்’ என்றொரு நிரல் விற்பனைக்கு வந்தது. அதை இயக்கிவிட்டால் வார்கிராஃப்ட் கேரக்டர் தானே அரக்கரைக் கொன்று தானே லெவல் ஏறும், உரிமையாளர் தூங்கலாம். ஏறக்குறைய 1,20,000 பேர் காசு கொடுத்து வாங்கினார்கள். வார்கிராஃப்ட் நிறுவனம் வழக்குப் போட்டது. 2010 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், விளையாட்டின் கண்காணிப்பை ஏமாற்றும் நிரலை விற்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரி. ஆனால் ஒரு விளையாட்டை வாங்கியவர்கள், அதை ஆடாமலிருக்க மறுபடியும் பணம் கொடுக்கிறார்கள் என்றால் ஏணியின் நடுப்பகுதி வெறும் சுமையாகிவிட்டது என்று பொருள். அந்தக் கேள்வியை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது.

நிரல் செய்த வேலையைக் கூலிக்கு மனிதரும் செய்தார்கள். ஜூலியன் டிபெல் 2007இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரை சீனத்தின் நான்ஜிங் நகரில் ஒரு கூடத்தைக் காட்டுகிறது. இளைஞர்கள் பன்னிரண்டு மணி நேர முறையில் இரவு முழுதும் வார்கிராஃப்டில் அரக்கரைக் கொன்று பொற்காசு சேர்க்கிறார்கள். நூறு காசுக்குக் கூலி பத்து யுவான்; மணிக்கு ஏறக்குறைய 30 அமெரிக்க சென்ட். அதே நூறு காசு கைமாறிக் கைமாறி அமெரிக்க ஆட்டக்காரரிடம் சேரும்போது 20 டாலர் வரை போனது. வேறு சில கூடங்களில் வாடிக்கையாளரின் கேரக்டரையே வாங்கி லெவல் ஏற்றித் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெனிசுவேலாவில் இது இன்னும் கூர்மையாயிற்று. பணவீக்கத்தால் அந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2019 வாக்கில் பத்து டாலருக்கும் கீழே போயிருந்தது. ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவத்தைச் சாதாரணக் கணினியிலும் ஆடலாம். இளைஞர்கள் பலர் கேரக்டரின் போர்த் திறனை உயர்த்திக்கொண்டு, பச்சை டிராகன்கள் உலவும் காட்டுப்பகுதிக்குப் போனார்கள். ஒவ்வொரு டிராகனும் செத்தால் எலும்பும் தோலும் விடும். அவற்றை விற்றுக் காசாக்கி, அந்தக் காசை வெளியில் டாலராக்கினால் வீட்டுக்கு மளிகை வாங்கலாம். சிலர் வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் கேரக்டர்களைக் கூலிக்கு லெவல் ஏற்றினார்கள். ஆனால் அந்தக் காட்டுப்பகுதியில் ஆட்டக்காரரை ஆட்டக்காரர் கொல்லலாம். 2017இல், அங்கே டிராகன் வேட்டையாடும் வெனிசுவேலாக்காரர்களை எப்படி அடையாளம் கண்டு கொல்வது என்று ஒருவர் வழிகாட்டியே எழுதி இணையத்தில் பரப்பினார். இவர்கள் விளையாட்டின் விலைவாசியைக் கெடுக்கிறார்கள் என்பது அப்படிக் கொல்பவர்களின் தரப்பு. கெடுத்தார்கள்தான். விதிமீறல்தான். ஆனால் ஒருவருக்கு ஓய்வுநேர இன்பமாக இருக்கும் அதே டிராகன் இன்னொருவருக்கு அரிசியும் மாவுமாக இருக்கும்போது, ஏணி எல்லோருக்கும் ஒன்று என்ற பார்ட்டிலின் கனவு வெளியுலகின் ஏற்றத்தாழ்வில் மோதி நிற்கிறது. குற்றத்தை டிராகன் கொல்பவர்மேல் மட்டும் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. வாங்குபவர் இல்லாமல் விற்பனை இல்லை.

வாங்குபவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் நிறுவனங்களே கடை திறந்தன. 2014இல் வார்கிராஃப்ட் நிறுவனம் ஒரு கேரக்டரை நேரடியாக 90ஆம் லெவலுக்கு உயர்த்தும் சேவையை 60 டாலருக்கு விற்கத் தொடங்கியது. லெவல் ஏறுவதன் மதிப்பு குலையக் கூடாது என்பதும் விலையை அவ்வளவு வைத்ததற்கு ஒரு காரணம் என்று அதன் வடிவமைப்பாளர் சொன்னார். அந்த விளக்கத்தை ஏற்க முடியவில்லை. மதிப்புக் குலையக் கூடாது என்றால் விற்காமல் இருந்திருக்கலாம். காஸ்ட்ரனோவா கண்ட ஏலத்தில் ஆட்டக்காரர் தன் உழைப்பை இன்னோர் ஆட்டக்காரருக்கு விற்றார். ஒரு மனிதர் அந்த மணிநேரங்களைச் செலவிட்டிருந்தார். நிறுவனம் விற்கும் லெவலில் யாருடைய நேரமும் இல்லை. தான் வைத்த தடையை நீக்கத் தானே கட்டணம் வாங்குகிறது. இப்படியொரு வணிகத்தில் ஏற்றம் கடினமாக இருப்பதால் யாருக்கு லாபம் என்று கேட்டால், சந்தேகம் ஏணியின் வடிவத்தின் மேலேயே திரும்புகிறது. 2018இல் உச்சம் 120 ஆகியிருந்தது. ஏறுவதில் பொருளே இல்லை என்ற முணுமுணுப்பு பெருக, 2020இல் 120இல் இருந்தவர்களை 50க்கு இறக்கி எண்களைச் சுருக்கினார்கள்.

ரூன்ஸ்கேப்பில் நடந்தது இன்னும் அப்பட்டமானது. ஆண்ட்ரூ கோவரும் அவர் சகோதரர்களும் இங்கிலாந்தில் உருவாக்கி 2001 ஜனவரியில் வெளியிட்ட அந்த விளையாட்டில் 2012 பிப்ரவரியில் ஓர் அதிர்ஷ்டச் சக்கரம் வந்தது. சுற்றினால் பரிசு, பரிசுகளில் ஒன்று அனுபவப் புள்ளி தரும் விளக்கு. சில வாரங்களிலேயே சுற்றுகளை அசல் பணத்துக்கு விற்கத் தொடங்கினார்கள். கட்டை வெட்டிச் சேர்த்த புள்ளியும் சக்கரத்தில் விழுந்த புள்ளியும் ஒரே பட்டையில் ஒன்றாகக் கலந்தன. அதே ஆண்டு நவம்பரில் சண்டை முறையையும் அடியோடு மாற்றினார்கள். ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பழையதைத் திருப்பிக் கொடுங்கள் என்ற கோரிக்கை வலுத்ததும் நிறுவனம் வாக்கெடுப்பு வைத்தது. ஏறக்குறைய நாலரை லட்சம் வாக்கு விழுந்தது. 2007 ஆகஸ்ட்டில் எடுத்து வைத்திருந்த பிரதியைத் தூசி தட்டி, 2013 பிப்ரவரி 22 அன்று ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்று வெளியிட்டார்கள். எல்லோரும் மறுபடியும் முதல் லெவல். மறுபடியும் நான்கு கட்டை. புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் ஆட்டக்காரர்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். நெடுங்காலம் 75 சதவீத ஆதரவு இல்லாமல் எதுவும் நுழையவில்லை. சக்கரம் அங்கே வரவே இல்லை. 2014இல் வந்த ‘அயர்ன்மேன்’ முறையைத் தேர்ந்துகொண்டவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: யாரிடமிருந்தும் எதையும் வாங்கக் கூடாது, பெறக் கூடாது, தன் அம்பைத் தானே செய்து, தன் மீனைத் தானே பிடித்துச் சமைக்க வேண்டும். குறுக்குவழியைத் தங்கள் கையாலேயே அடைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் இவர்கள்.

மூல ரூன்ஸ்கேப்பில் சக்கரம் வேறு பெயரில், வேறு உருவில் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 2025 நவம்பரில் நிறுவனம் அதை எடுத்துவிடலாமா என்று ஆட்டக்காரர்களிடமே கேட்டது. ஒரு லட்சம் பேர் ஆதரித்தால் நீக்குவோம் என்றது. ஒரு லட்சம் எளிதாகவே சேர்ந்தது; நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. இலவசமாகவோ காசுக்கோ சுலபமாக ஏறும் வழி வேண்டாம் என்று ஆடுபவர்களே ஒன்றுதிரண்டு சொன்னது, இந்த ஐம்பது ஆண்டு வரலாற்றில் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில்.

இந்தியாவில் 2025இல் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைத் தடைசெய்கிறது. அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு ரம்மி, போக்கர் போன்றவற்றுக்கு எதிராகச் சட்டம் இயற்றியிருந்தது. இரண்டும் தேவையானவை. ஆனால் பணம் கட்டி லெவல் வாங்குவது இவற்றின் வலையில் விழாது. அங்கே பணம் வெல்லும் எதிர்பார்ப்பு இல்லையே. பத்து வயதுப் பிள்ளை அம்மாவின் தொலைபேசியில் அனுபவப் புள்ளியை விலைக்கு வாங்கினால், சட்டத்தின் கண்ணில் அது பொழுதுபோக்கு. ஒழுங்குமுறை எழுதுபவர்கள் ஒன்றையாவது கட்டாயமாக்க வேண்டும்: உழைத்து ஏற எவ்வளவு நேரம் ஆகும், பணம் கட்டி ஏற எவ்வளவு ஆகும் என்ற இரண்டு எண்களையும் விளையாட்டின் முதல் திரையிலேயே காட்டச் சொல்ல வேண்டும்.

வீட்டில் பிள்ளை இப்படியொரு விளையாட்டில் மூழ்கியிருந்தால், பிடுங்கி வைப்பதற்கு முன் அருகில் உட்கார்ந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். அடுத்த லெவலுக்கு என்ன செய்ய வேண்டும்? அதைச் செய்யாமல் காசு கொடுத்து ஏற முடியுமா? முதல் கேள்விக்குப் பிள்ளை ஆர்வத்தோடு நீளமாகப் பதில் சொல்லும். பொறுமையாகக் கேளுங்கள், அதில் கணக்கும் திட்டமிடலும் நட்பும் இருக்கும். இரண்டாம் கேள்விக்கு ‘முடியும்’ என்று பதில் வந்தால், அந்த விளையாட்டை விட்டு வேறொன்றைத் தேடச் சொல்லத் தயங்காதீர்கள்.